வெள்ளை உருண்டை

தேங்காய்த் துருவல் டப்பா காலியாக இருந்தது.

உருண்டையக்கா அதைக் கவிழ்த்துத் தட்டினாள். அடியில் ஒட்டியிருந்த நாலைந்து துணுக்குகள் சமையல் மேடைமேல் உதிர்ந்தன. விடியற்காலையில் அவள் மூடி வைத்தபோது பாதிக்கு மேல் இருந்தது. அதற்குப் பிறகு அவள் அதைத் தொடவே இல்லை.

"ஏம்மா, இதுல இருந்த தேங்காய் எங்க போச்சு?"

நாத்தனார் கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அட்டைப் பெட்டிகளுக்கு ரிப்பன் வெட்டிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"நான்தான் எடுத்தேன் அண்ணி. ஆபீஸ் ஆர்டர் பெட்டிக்கு வெள்ளை பத்தாதுன்னு தோணிச்சு. ஒரு வரிசை கருப்பு, ஒரு வரிசை வெள்ளைன்னு வெச்சாத்தானே எடுப்பா இருக்கும்? அதான் நீங்க குளிக்கப் போனப்ப, தட்டுல சும்மா கிடந்ததுல கொஞ்சத்தை எடுத்துத் தேங்காய்ல புரட்டி, வெள்ளை டப்பாவுலயே போட்டு வெச்சேன்."

"எந்தத் தட்டு?"

"ஜன்னலோரமா இருந்திச்சே, அது."

ஜன்னலோரத் தட்டில் இருந்தது வேர்க்கடலை உருண்டை.

அந்த வீட்டில் எந்த உருண்டைக்கும் பெயர்ச்சீட்டு கிடையாது. மேல்பூச்சுதான் பெயர். கருப்பு எள்ளில் புரட்டியது என்றால் உள்ளே வேர்க்கடலை. கோகோ பொடி பூசியிருந்தால் பாதாம். வெள்ளை என்றால் பேரீச்சம்பழமும் ஓட்ஸும் பூசணி விதையும் மட்டும். கடலை, முந்திரி, பாதாம் எதன் வாடையும் படாதது. தினமும் முதலில் வெள்ளைதான். மற்ற டப்பாக்களின் மூடியைத் திறக்கும் முன், கழுவிக் காயவைத்த தனி மிக்சி ஜாரில் அரைத்து, உருட்டி, டப்பாவில் போட்டு மேல்தட்டில் ஏற்றிவிட்டுத்தான் கடலைப் பக்கமே திரும்புவாள். இத்தனை பாடும் கீழ்வீட்டுத் தையல்காரம்மாவின் மகளுக்காக. அந்தப் பெண்ணின் வாயில் கடலை பட்டால் போதும், உதடு தடித்து, தொண்டை வீங்கி, மூச்சு அடைத்துவிடும். சின்ன வயதில் ஒருமுறை அப்படி ஆகி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதைத் தெருவே பார்த்திருக்கிறது. வெளியில் வாங்கும் எந்தத் தின்பண்டத்தையும் தையல்காரம்மா மகளுக்குக் கொடுப்பதில்லை, இந்த வெள்ளை உருண்டையைத் தவிர.

இன்று காலை அந்த டப்பாவிலிருந்து எடுத்து, சின்ன நீலப் பெட்டியில் அடைத்து, படியிறங்கிப் போய் அந்தப் பெண்ணின் கையிலேயே கொடுத்தவள் உருண்டையக்காதான்.

மேல்தட்டிலிருந்து டப்பாவை இறக்கினாள். மிச்சம் மூன்று கிடந்தன. முதல் உருண்டையைப் பிட்டாள். உள்ளே பச்சைப் பச்சையாகப் பூசணி விதை. இரண்டாவதிலும் பச்சை. மூன்றாவதைப் பிட்டாள். உள்ளே வெளிர் மஞ்சளாகக் கடலை, பாதி நொறுங்கியும் நொறுங்காமலும் இருந்தது. முகர்ந்து பார்க்கத் தேவையே இல்லை.

"என்ன அண்ணி? ஏன் இப்படி வெளுத்துப் போயிட்டீங்க?"

"குதிரைக்கு இதைத்தான்டீ குடுத்திருக்கேன்."

அந்தப் பெண்ணைத் தெருவில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். சதுரங்கத்தில் ராணியை இழந்தாலும் பொறுத்துக்கொள்வாள், குதிரையை மட்டும் கடைசிவரை விடமாட்டாள். இன்று நகர நூலகத்தின் பின்னால் இருக்கும் மண்டபத்தில் அவளுக்குப் போட்டி. நீலப் பெட்டி அங்கேதான் போயிருக்கிறது.

நாத்தனாரின் கையிலிருந்து கத்தரிக்கோல் நழுவியது. "அவளுக்குத்தான் கடலை ஆகாதே!" என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

உருண்டையக்கா தையல்காரம்மாவின் எண்ணை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தாள். போட்டி நடக்கும் இடத்தில் பெற்றோர் எல்லோரும் போனை ஊமையாக்கிவிட வேண்டும் என்று தையல்காரம்மா போனமுறை அலுத்துக்கொண்டது நினைவுக்கு வந்தது. பையில் போட்டு, பையை மடியில் வைத்து, பக்கத்தில் இருப்பவளிடம் ரவிக்கை அளவு பேசிக்கொண்டிருப்பாள்.

"ஸ்கூட்டரை எடு."

"ஏப்ரனைக் கழட்டுங்க அண்ணி, தலைல வலை வேற—"

"எடுன்னா எடு!"

கோகோ கறை படிந்த ஏப்ரனும் தலையில் முடிவலையுமாக, செருப்பில் ஒரு கால் நுழைந்தும் நுழையாமலும் உருண்டையக்கா படியிறங்கினாள். ஆபீஸ் பெட்டி திறந்த வாயோடு கூடத்தில் கிடந்தது. அந்த ஆபீஸில் எல்லோரும் எல்லாவற்றையும் சாப்பிடுகிறவர்கள்; அவர்களைப் பற்றிக் கவலையில்லை.

ஸ்கூட்டர் கிளம்பியது. வழி நெடுக அவள் போனைக் காதில் வைத்தபடியே இருந்தாள். காற்றில் மணியோசை சரியாகக் கேட்கவில்லை. அவள் வாய் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. சாப்பிட்டிருக்க மாட்டாள். ஜெயிக்கப்போவது நிச்சயம் என்று தெரிந்த பிறகுதான் அவள் பெட்டியைத் திறப்பாள். அது அந்தப் பெண்ணின் பழக்கம். "முன்னாடியே தின்னா ராசி போயிடும் பெரியம்மா" என்று அவளே சொல்லியிருக்கிறாள். ஆட்டம் சுலபமாக முடிந்துவிடக் கூடாதே என்று இருந்தது. அடுத்தவர் வீட்டுப் பிள்ளை தோற்க வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டது வாழ்க்கையில் அன்றுதான்.

சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பேருந்து ஒன்று குறுக்கே நின்று முன்னும் போகாமல் பின்னும் வராமல் உறுமிக்கொண்டிருந்தது. நாத்தனார் ஸ்கூட்டரை நடைபாதையில் ஏற்றினாள். பழக்கடைக்காரர் ஒருவர், "ஏம்மா, ரோடு பத்தலையா உங்களுக்கு?" என்று கத்தினார்.

"பத்தலைய்யா!" என்று நாத்தனார் திருப்பிக் கத்தினாள். பிறகு குரல் இறங்கியது. "அண்ணி, ஒண்ணு கேக்கவா?"

"ரோட்டைப் பாரு."

"நான் வந்த புதுசுல கேட்டேன். வெள்ளையை மட்டும் ஏன் தனி ஜார்ல அரைக்கிறீங்கன்னு. ஞாபகம் இருக்கா? 'அதெல்லாம் உனக்கெதுக்கு, நீ பெட்டில அடுக்கினாப் போதும்'னு சொன்னீங்க."

உருண்டையக்கா சொல்லியிருந்தாள்தான். வார்த்தைக்கு வார்த்தை அப்படியே.

உருண்டைக்கு வருவதற்கு முன் அவள் ஒரு பேக்கரியில் ஓவன் அடுப்புக்கு முன்னால் நின்றவள். காலையில் நுழைந்தால் சாயங்காலம் வரை அனல். தட்டை இழுக்கும்போது சுட்டுக்கொண்ட தழும்புகள் இரண்டு முன்கையிலும் படிகள் மாதிரி வரிசையாக இருக்கும். அங்கே கேக்கின்மேல் பூ வைப்பவர் வேறு, பெட்டியில் வைப்பவர் வேறு. யாருக்கும் யாரும் எதையும் சொல்லித் தரமாட்டார்கள். மாவில் என்ன போகிறது என்று கேட்டால் மேஸ்திரி முறைப்பார். ஒருநாள் தட்டோடு மயங்கி விழுந்தாள். தெளிந்து எழுந்ததும், இனி நெருப்பை நம்பிப் பிழைப்பதில்லை என்று வீட்டுக்கு வந்துவிட்டாள். லாரி ஓட்டும் கணவன் வழியில் எண்ணெய்ப் பலகாரமாகத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்கிறான் என்று, பேரீச்சம்பழத்தையும் விதைகளையும் அரைத்து உருட்டிக் கட்டிக் கொடுத்ததுதான் ஆரம்பம். அவனுடைய கூட்டாளிகள் கேட்டார்கள். பிறகு தெரு கேட்டது. அடுப்பு மூட்டாமலே ஒரு தொழில் நடந்தது. வேலை நேரத்தில் அடுப்பின்மேல் ஒரு துணியைப் போர்த்தி, அதன்மேல் தட்டுகளைப் பரப்பிவைப்பாள். பார்க்கிறவர்கள், "அடுப்புக்கு வேலை போச்சு, தூங்குது பாரு" என்பார்கள்.

பேக்கரியை விட்டு வந்தாளே தவிர, மேஸ்திரியின் வாயைக் கூடவே கொண்டுவந்துவிட்டாள். தன் சமையலறையில் இன்னொருவர் கரண்டி எடுத்தாலே பிடிக்காது. பரிசுப்பொருள் கடையில் கண்ணாடி அலமாரி அலங்கரிக்கும் வேலை போய், நாத்தனார் பெட்டியோடு வந்து இறங்கியபோதும், கூடத்தில்தான் இடம் கொடுத்தாள். அடுக்குகிறவளுக்கு நிறம் என்றால் அழகு. வெள்ளை குறைந்தால் வெள்ளை சேர்ப்பாள். வேறு என்ன செய்வாள்?

"உன் மேல தப்பில்ல," என்றாள் உருண்டையக்கா, ஹெல்மெட்டின் பின்பக்கத்தைப் பார்த்து.

"என்ன சொன்னீங்க? காத்துல கேக்கல."

"வேகமாப் போன்னேன்."

நூலகத்து வாசலில் ஸ்கூட்டர் நின்றதும் நிற்காததுமாக அவள் குதித்தாள். பெற்றோர் உட்காரும் இடம் எதிர்க் கட்டடத்தின் மாடியில் என்று அம்புக்குறி போட்டிருந்தது. "நீ மேல போய் அவங்கம்மாவப் பிடி. மூச்சடைச்சாப் போடுற ஊசி அவங்க பையில இருக்கும், ஊசியோட இழுத்துட்டு வா" என்று சொல்லிவிட்டு மண்டபத்தை நோக்கி ஓடினாள்.

வாசலில் காவல்காரர் நாற்காலியைக் குறுக்கே போட்டு உட்கார்ந்திருந்தார்.

"உள்ள ஒரு பொண்ணு... அவளுக்கு... நான் உடனே..." மூச்சு வாங்கியது; வார்த்தை கோர்வையாக வரவில்லை.

அவர் ஏப்ரனையும் முடிவலையையும் ஏற இறங்கப் பார்த்தார். "சாப்பாட்டு ஆளா? இந்த வழியா விடமாட்டாங்கம்மா. ஆட்டம் நடக்குது. பின்பக்கம் போ, கேன்டீன் கதவு திறந்துதான் இருக்கும். சத்தம் போடாம போ."

அவள் அதற்குமேல் நிற்கவில்லை. கட்டடத்தைச் சுற்றி ஓடினாள். டீ டம்ளர்கள் குவிந்து கிடந்த ஒரு அறை, ஒரு நடை, அதன் முடிவில் கண்ணாடிக் கதவு. கண்ணாடியில் நெற்றியை முட்டி உள்ளே பார்த்தாள்.

வரிசை வரிசையாக மேசைகள். குனிந்த தலைகள். ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. நடுவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மெல்ல நடந்துகொண்டிருந்தார். ஜன்னல் பக்க வரிசையில் குதிரை உட்கார்ந்திருந்தாள். இரட்டைப் பின்னல், கன்னத்தில் கை. அவள் முழங்கைக்குப் பக்கத்தில் நீலப் பெட்டி இருந்தது.

மூடி திறந்திருந்தது.

உள்ளே எத்தனை மிச்சம் என்று அங்கிருந்து தெரியவில்லை. உதடு வீங்கியிருக்கிறதா? பெண்ணின் முகம் பாதிதான் தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே குதிரை நிமிர்ந்து, ஒரு காயை எடுத்து வைத்து, கடிகாரத்தைத் தட்டினாள். அவள் இதழோரத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. ஜெயிக்கப்போகிறாள். அவள் கை பெட்டியை நோக்கி நகர்ந்தது.

"சாப்பிடாதே!"

கதவு சுவரில் போய் மோதியது. மண்டபம் முழுக்கத் தலைகள் நிமிர்ந்தன. யாருடைய காயோ உருண்டு தரையில் விழுந்தது. உருண்டையக்கா மேசைகளுக்கு நடுவில் ஓடி, பெட்டியைப் பறித்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"வாயத் திற! நாக்கக் காட்டு! எத்தனை தின்ன? மூச்சு விட முடியுதா?"

"பெரியம்மா—"

"யாரும்மா நீங்க? வெளிய போங்க!" நடுவர் பக்கத்தில் வந்து நின்றார். கிசுகிசுப்பாகக் கத்துவது எப்படி என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"இதுல கடலை இருக்குய்யா! இந்தப் பிள்ளைக்குக் கடலை ஆகாது!"

"தெரியும்," என்றாள் குதிரை.

அவள் குரல் தெளிவாக இருந்தது. உதடு வழக்கம்போலத்தான் இருந்தது. கோபத்தில் மூக்கு மட்டும் சிவந்திருந்தது.

"ஆட்டம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எதிர்ல இருக்கிற இவள ஒண்ணு எடுத்துக்கச் சொன்னேன். கடிச்சுட்டு, 'கடலை செமையா இருக்கு'ன்னா. அதுக்கப்புறம் நான் தொடவே இல்ல."

எதிரில் உட்கார்ந்திருந்த குண்டுக் கன்னப் பெண் பயந்துபோய் வாயிலிருந்ததை அவசரமாக விழுங்கினாள். அவள் உதட்டைச் சுற்றித் தேங்காய்த் துருவல் ஒட்டியிருந்தது.

"அப்ப இப்ப எதுக்குடீ பெட்டிகிட்ட கை கொண்டு போன?"

"இவ பக்கம் தள்ளத்தான். இவ நல்லா யோசிக்கிறா பெரியம்மா. தின்னும்போது மட்டும்தான் யோசிக்க மாட்டேங்கிறா."

பின் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். உருண்டையக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மாகிட்ட சொல்லியிருக்கலாமேடீ."

"சொன்னா ஆட வேணாம்னு இழுத்துட்டுப் போயிருப்பாங்க." பிறகு, பெரியம்மாவின் முகத்தைப் பார்க்காமல் காய்களைப் பார்த்தபடி கேட்டாள். "வெள்ளைல எப்படி பெரியம்மா கடலை வந்துச்சு?"

உருண்டையக்கா பெட்டியை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டு எழுந்தாள்.

நடுவர் அவளை வாசல்வரை கொண்டுபோய் விட்டார். ஆட்டம் தொடர்ந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று உருண்டையக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். குதிரையின் கை இரண்டு முறை தவறான காயைத் தொட்டது. தொட்டதை நகர்த்தியே ஆக வேண்டும் என்பது ஆட்டத்தின் விதி. கொஞ்ச நேரத்தில் குண்டுக் கன்னப் பெண் எழுந்து கை நீட்டினாள். தோற்றுப்போன குதிரை தலை குனிந்து கை குலுக்கினாள்.

அப்போதுதான் தையல்காரம்மா வந்து சேர்ந்தாள், கையில் ஊசிப் பையோடு. பின்னால் நாத்தனார் மூச்சிரைக்க ஓடிவந்தாள். வழியிலேயே எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். தையல்காரம்மா முதலில் மகளை இழுத்து முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். பிறகுதான் உருண்டையக்காவின் பக்கம் திரும்பினாள்.

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. அவள் திட்டவில்லை.

"உங்க வீட்டுதுன்னா நான் பிரிச்சுக்கூடப் பார்க்க மாட்டேனேக்கா," என்றாள். அவ்வளவுதான். மகளின் தோளைப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள். குதிரை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

இருவரும் வீடு திரும்பினார்கள். உள்ளே நுழைந்ததும் உருண்டையக்கா கடலை மூட்டையைத் தூக்கி வாசலில் வைத்தாள்.

"என்ன அண்ணி பண்றீங்க? கருப்புதானே நமக்கு ஜாஸ்தி போகுது. நம்மகிட்ட வாங்குற மார்க்கெட்டுக்காரங்க அதைத்தானே கேக்குறாங்க."

"கேக்கட்டும். இந்த வீட்டுக்குள்ள இனி கடலை வராது." பிறகு சமையலறை வாசலில் நின்று, உள்ளே வர யோசித்துக்கொண்டிருந்த நாத்தனாரைப் பார்த்தாள். "வா. உள்ள வா. எது எதுல என்ன இருக்குன்னு சொல்றேன். எத்தனை தரம் வேணா கேளு, சலிச்சுக்க மாட்டேன்."

"சலிச்சுக்கிட்டா?"

"நீயும் சலிச்சுக்க. ரெண்டு பேரும் சலிச்சுக்கலாம்."

ஜார்களையும் தட்டுகளையும் வெந்நீரில் போட்டு இருவருமாகத் தேய்த்தார்கள். அந்த வெந்நீருக்காக அடுப்பின்மேல் போர்த்திய துணி எடுக்கப்பட்டது.

கீழ்வீட்டிலிருந்து பல நாள் யாரும் மேலே வரவில்லை. தையல் மிஷினின் சத்தம் மட்டும் தரை வழியாக ஏறி வந்துகொண்டிருக்கும். அது நிற்கும்போதெல்லாம் உருண்டையக்காவின் கையும் நிற்கும். படியில் காலடி கேட்கிறதா என்று பார்ப்பாள். மறுபடியும் மிஷின் ஓட ஆரம்பிக்கும்.

ஒரு காலையில் காலடி கேட்டது. குதிரைதான் முதலில் வந்தாள். அம்மா பின்னால் வந்து கதவோரத்திலேயே நின்றுகொண்டாள்.

"நாளைக்குப் போட்டி," என்றாள் குதிரை. "ரெண்டு நாளா அம்மாகிட்ட கெஞ்சிட்டிருக்கேன்."

உருண்டையக்கா டப்பாவைத் திறந்து அவள் முன்னால் வைத்தாள். பெண் ஒன்றை எடுத்து, கடிக்காமல், இரண்டாகப் பிட்டாள். வெளிச்சத்தில் காட்டி உள்ளே பார்த்தாள். பச்சை. இன்னொன்றை எடுத்துப் பிட்டாள். பச்சை. அம்மாவிடம் காட்டினாள். அவளும் எட்டிப் பார்த்தாள். மூன்றாவதையும் பிட்டாள். அவள் டப்பா முழுவதையும் பிட்டுத்தான் தீர்ப்பாள் போலிருந்தது. அதைப் பார்க்க உருண்டையக்காவுக்கு வலித்தது. ஆனாலும் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"கொண்டா, நான் பண்றேன்," என்று நாத்தனார் கத்தியை எடுத்தாள். உருண்டைகளை ஒவ்வொன்றாக நடுவில் வெட்டினாள். நீலப் பெட்டியில் வெட்டிய முகம் மேலே தெரிய அடுக்கினாள். வெள்ளை விளிம்புக்குள் பழுப்பு நிறம், அதற்குள் பச்சைப் புள்ளிகள். பெட்டி முழுக்க அப்படியே. எதுவும் மறைவாக இல்லை. கடை அலமாரி அலங்கரித்த கை அல்லவா, அழகாகவும் இருந்தது.

தையல்காரம்மா பெட்டியை வாங்கினாள். ஒவ்வொரு துண்டாகப் பார்த்தாள். மறுபடியும் முதலிலிருந்து பார்த்தாள். பிறகு மூடியைப் போட்டு அழுத்தினாள்.

"வரேங்க்கா," என்றாள்.

இப்போது அந்த வீட்டிலிருந்து முழு உருண்டை வெளியே போவதில்லை. எந்த நிறமானாலும் வெட்டித்தான் பெட்டியில் ஏறும். மார்க்கெட்டுக்காரர்களில் பாதிப் பேர் கடலை இல்லை என்றதும் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். மிச்சம் இருப்பவர்கள் கேலி செய்கிறார்கள்: "என்னக்கா, பாதியை நீங்க தின்னுட்டீங்களா?" தெருவில் சிலர் அவளைப் 'பாதியக்கா' என்றுகூடக் கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். அவள் கோபித்துக்கொள்வதில்லை. வெட்டுவதற்கு முன் கத்தியைக் கழுவுகிறாள், துடைக்கிறாள். பிறகு கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுக்கிறாள்.

"ஏம்மா, இதுல என்ன இருக்குன்னு சொல்லு பார்ப்போம்?"

"காலைலேருந்து மூணாவது தடவை கேக்குறீங்க அண்ணி."

"சொல்லு."

நாத்தனார் சொல்கிறாள். சரியாகத்தான் சொல்கிறாள். அதற்குப் பிறகுதான் கத்தி இறங்குகிறது.